செல்போன் பேட்டரி நீடித்து உழைக்க: சென்னைக்காரர்களுக்கு ஒரு சார்ஜிங் வழிகாட்டி

வாங்கிய புதிதில் இரவு பத்து மணி வரை தாக்குப்பிடித்த போன், இரண்டாவது கோடையைக் கடந்ததும் மாலை ஐந்து மணிக்கே படுத்துவிடுகிறதா? மாம்பலத்தில் ரயில் ஏறினால், செயலியில் எடுத்த டிக்கெட்டைப் பரிசோதகரிடம் காட்டுவதற்குள் அணைந்துவிடுமோ என்று கையைப் பிசைகிறீர்களா? அந்த நிலை எனக்கு வந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்றார் ஒருவர். இருபதுக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது என்றார் இன்னொருவர். சர்வீஸ் சென்டரில் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போய் நின்றபோது உதிரி பாகம் கையிருப்பில் இல்லை. ஒருவழியாகப் பேட்டரியை மாற்றி முடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. எத்தனை சதவீதத்தில் செருகுவது, எத்தனையில் பிடுங்குவது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு 20க்குக் கீழே இறங்கக் கூடாது, 80க்கு மேலே ஏறக் கூடாது என்று ஜபித்துக்கொண்டே போனை வெயில் விழும் ஜன்னல் திண்டில் வைத்து சார்ஜ் போடுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

1. பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

வைத்தியத்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ் சென்று 'பேட்டரி', அதற்குள் 'பேட்டரி ஹெல்த்' என்று போனால், புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும். ஐபோன் 15 முதலான மாடல்களில் சார்ஜ் சுழற்சிகளின் எண்ணிக்கையும் தெரியும். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலிக்குள் பரிசோதனைப் பகுதி இருக்கிறது. அதில் பேட்டரியைத் தட்டினால் நிலையைச் சொல்லும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'பேட்டரி' என்று தேடுங்கள். சில மாடல்களில் டயல் பலகையில் *#*#4636#*#* என்று அடித்தால் பேட்டரியின் வெப்பநிலை உள்ளிட்ட விவரங்கள் வரும். எல்லா நிறுவனங்களும் இதைத் திறந்து வைத்திருப்பதில்லை.

சுழற்சி என்றால் சார்ஜரை எத்தனை முறை செருகினீர்கள் என்பதல்ல. இன்று 50 சதவீதம் ஏற்றி, நாளை இன்னொரு 50 ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு, உகந்த சூழலில் 500 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அதை 1,000 சுழற்சிகள் என்று உயர்த்தியிருக்கிறது. உகந்த சூழல் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மே மாதச் சென்னை அதில் சேராது.

உங்கள் பேட்டரி 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதென்றால், இனி எவ்வளவு நல்ல பழக்கம் பழகினாலும் போனது திரும்பாது. நேரே 7ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

2. சார்ஜ் போடும் இடத்தை மாற்றுங்கள்

ஐபோனையும் சரி, சாம்சங்கையும் சரி, 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்லித்தான் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் நம் வீட்டுக் கூடமே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அது போக, சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் பிறக்கும் சூடு தனி. லித்தியம் அயனி பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வெப்பம் ஏற ஏற வேகமெடுக்கின்றன. மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வினைகளில் சிக்கிப் பயனற்றுப் போகிறது. முழுதாக சார்ஜ் ஏறிய நிலையில் சூடும் சேர்ந்துகொண்டால் சேதம் இரட்டிப்பு.

வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போன் கிடக்கும்: ஃபிரிட்ஜின் தலையில், ஸ்டெபிலைசரின் மேல், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், டிவியின் செட்டாப் பாக்ஸ் மேல், சமையலறை மேடையில் அடுப்புக்கு அரை முழ தூரத்தில். இவை எல்லாமே தாமே சூடு உமிழும் இடங்கள். எங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் மேல் வைத்து சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தபோது பேட்டரியின் வெப்பநிலை 43 டிகிரி காட்டியது. ரப்பர் கவரைக் கழற்றி, ஒரு நீளமான கேபிள் போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே மொசைக் தரையில் கவிழ்த்து வைத்தேன். சற்று நேரத்தில் 36க்கு இறங்கிவிட்டது. சார்ஜரும் அதேதான், போனும் அதேதான். யாரும் மிதித்துவிடாமல் சுவரோரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலையணைக்கு அடியிலும் மெத்தையின் மேலும் வைத்து சார்ஜ் போடுவதை இன்றே விட்டுவிடுங்கள். பேட்டரியின் ஆயுள் இருக்கட்டும், பஞ்சுக்குள் சூடு தேங்கினால் உங்கள் ஆயுளுக்கும் அது நல்லதில்லை.

வெளியில் சுற்றுபவர்களுக்குத் தொல்லை அதிகம். உணவு விநியோகம் செய்பவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் போனைக் கைப்பிடியில் மாட்டி, உச்சி வெயிலில் திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, வரைபடத்தை ஓடவிட்டு, கூடவே வண்டியிலிருந்து சார்ஜும் போடுகிறார்கள். வெயில், திரை, ஜி.பி.எஸ்., சார்ஜ் என்று நான்கு சூடும் ஒரே நேரத்தில். தொழில் அப்படி, வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சார்ஜ் போடுவதை மட்டும் பிரித்துவிடலாம். ஆர்டருக்காக ஓட்டல் வாசலில் நிழலில் காத்திருக்கும் பத்து, பதினைந்து நிமிடங்களில் பவர் பேங்கில் செருகுங்கள், வண்டி ஓடும்போது வேண்டாம். போன் தாங்கிக்கு மேல் நிழல் தரும் சிறு மூடி கிடைக்கிறது, அதுவும் உதவும்.

காரின் டேஷ்போர்டில் போனை விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், கீழே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். வெயிலிலிருந்து வந்தவுடன் சார்ஜரைத் தேடி ஓடாமல், போனின் முதுகு கைக்குச் சூடாகத் தெரியாத அளவுக்கு ஆறவிட்டுச் செருகுங்கள்.

அதற்காகச் சீக்கிரம் ஆற வேண்டும் என்று ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த போனின் மேலும் உள்ளும் நீர்த்துளியாகப் படியும். பேட்டரியைக் காப்பாற்றப் போய், உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகள் சார்ஜில் இருக்கும் போனில் விளையாடுவதும் இதே வகைதான். விளையாட்டு ஒருபக்கம் சூடாக்கும், சார்ஜ் மறுபக்கம். கேபிளைக் கழற்றிவிட்டு விளையாடட்டும்.

3. 80 சதவீத வரம்பை வையுங்கள், தேவைப்பட்டால் மட்டும்

முழு சார்ஜில் பேட்டரி செல்லின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. மாடலைப் பொறுத்து 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல். அந்த உச்சத்தில் மணிக்கணக்காக நிற்பதுதான் அதற்குக் களைப்பு. அதனால்தான் இப்போது போன்களிலேயே வரம்பு வைக்கும் வசதி தந்திருக்கிறார்கள்.

ஐபோன் 15 முதலான மாடல்களில், ஐஓஎஸ் 18 இருந்தால், 80, 85, 90, 95, 100 என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பழைய ஐபோன்களில் வரம்பு கிடையாது. 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' மட்டும் இருக்கும். அது நீங்கள் தூங்கி எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு, 80இல் நிறுத்திவைத்து, விழிப்பதற்குச் சற்று முன் மீதியை ஏற்றும். சாம்சங்கில் 'பேட்டரி புரொடெக்ஷன்' என்ற பகுதியைத் தேடுங்கள். அதில் 'மேக்ஸிமம்' வைத்தால் 80 போன்ற ஒரு வரம்பில் நின்றுவிடும், 'அடாப்டிவ்' வைத்தால் தூக்க நேரத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். மற்ற நிறுவனப் போன்களிலும் ஏறக்குறைய இதே வசதி வேறு வேறு பெயர்களில் பேட்டரிப் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது.

வரம்பு வைத்த பிறகும் ஒருநாள் திடீரென 100 வரை ஏறினால் பதற வேண்டாம். சதவீதக் கணக்கு பிசகாமல் இருப்பதற்காக ஐபோன் எப்போதாவது அப்படிச் செய்யும்.

இதில் என் கருத்து கொஞ்சம் வேறு. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், எந்நேரமும் சார்ஜர் எட்டும் தூரத்தில் இருப்பவர் என்றால் 80 வையுங்கள், ஒரு குறையும் தெரியாது. காலை ஏழு மணிக்கு ஆவடியில் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவர் 80 வைத்துக்கொண்டு தினமும் மாலையில் 3, 4 சதவீதத்தில் தவித்தால் அது பேட்டரிக்கும் நல்லதில்லை, மனத்துக்கும் நல்லதில்லை. அடிமட்டம் வரை வடியவிடுவதும் பேட்டரியைத் தேய்க்கத்தான் செய்கிறது. உங்களுக்கு 90 அல்லது 95 போதும். தனியாக இருக்கும் வயதான பெற்றோரின் போனில் வரம்பே வைக்காதீர்கள். அவசரத்துக்கு அழைக்க முடிய வேண்டும், பேட்டரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

4. சார்ஜ் போடும் நேரம்

காலியாக வரும் மாநகரப் பேருந்தில் முதல் நாற்பது பேர் நிமிடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்; படிக்கட்டு வரை நிறைந்த பிறகு ஒவ்வொருவராக நெருக்கிக்கொண்டு ஏறத்தான் நேரமாகும். சார்ஜும் அப்படித்தான். 25 வாட் சார்ஜரில் 5,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரியின் முதல் பாதி அரை மணியை ஒட்டி ஏறிவிடும். கடைசி 20 சதவீதத்துக்குத்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேரம் எடுக்கும். ஆகவே 100 வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வீண்.

நான் சொல்லும் நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை. நாளின் குளுமையான நேரம் அது. பால் காய்ச்சி, காபி குடித்து, செய்தித்தாள் புரட்டி முடிப்பதற்குள் நாளுக்குத் தேவையானது ஏறிவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்கு அந்த அறையில் செருகிவிட்டுத் தூங்கினால், பதினொன்றரைக்கெல்லாம் 100 எட்டி, மீதி இரவு முழுவதும் சூட்டிலும் உச்ச மின்னழுத்தத்திலும் போன் கிடக்கும். ஏசி அறையில் தூங்குகிறீர்கள், மேலே சொன்ன வரம்பையோ 'அடாப்டிவ்' வகை வசதியையோ வைத்திருக்கிறீர்கள் என்றால் இரவு சார்ஜ் பிரச்சினையே இல்லை.

பகலில் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று துண்டு துண்டாக ஏற்றினால் கெட்டுவிடும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பேச்சு. இன்றைய லித்தியம் அயனிக்குச் சின்னச் சின்னத் தீனிதான் பிடிக்கும். புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே தொட வேண்டும் என்பதும் அதே காலத்துச் சரக்கு.

அதிவேக சார்ஜ் கெடுதலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன் கைக்கு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கவலையில்லை. கோடையில் தொடவே முடியாத அளவுக்குச் சுட்டால் செட்டிங்ஸில் அதிவேகத்தை நிறுத்திவிடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. வயர்லெஸ் சார்ஜிங்கில் வீணாகும் மின்சாரம் சூடாக மாறுவதால், மே, ஜூனில் அதைத் தவிர்ப்பது நல்லது.

மின்கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. 5,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரியை ஒருமுறை நிரப்ப, விரயத்தையும் சேர்த்து ஏறக்குறைய 25 வாட் மணி ஆகும். 40 முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட். தினமும் போட்டாலும் வருடத்துக்குப் பத்து யூனிட்டைத் தொடாது. அலுவலகத்தில் சார்ஜ் போட்டு மிச்சம் பிடிப்பதற்காக வீட்டிலிருந்து காலி பேட்டரியோடு கிளம்ப வேண்டியதில்லை.

5. சார்ஜர், கேபிள், பவர் பேங்க் வாங்கும்போது

ஆப்பிள் 2020இலும், அதையடுத்து சாம்சங்கும், பெட்டியில் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டதால் இது பலருக்கும் செலவாகிவிட்டது. ரிச்சி தெருவில் நுழைந்தால் 150 ரூபாயிலிருந்து சார்ஜர் கிடைக்கும். அந்த விலைக்கு வாங்காதீர்கள். 25 வாட் தரமான சார்ஜருக்கு 1,000 முதல் 1,700 ரூபாய் வரை ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது. சனிக்கிழமை மாலை கூட்டத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. வார நாளில் பிற்பகலுக்கு முன் போய்விடுங்கள்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் விற்கும் சார்ஜர் அடாப்டர், பவர் பேங்க், பேட்டரி மூன்றுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவு உண்டு. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் தர முத்திரையும், அதன் கீழே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தையடுத்து 8 இலக்கங்கள் கொண்ட எண்ணும் அச்சிட்டிருக்கும். போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, அந்த எண்ணை அங்கேயே அடித்துப் பாருங்கள். பதிவு யாருடையது, எந்தப் பொருளுக்கானது, இப்போதும் செல்லுமா என்று வந்துவிடும். அடாப்டரின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்க, செயலியில் எல்.ஈ.டி. விளக்குத் தயாரிப்பாளரின் பதிவு வந்தால், வந்த வழியே நடையைக் கட்டுங்கள். எழுத்து பொடியாக இருப்பதால், போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது சுலபம். இப்படிப் பார்க்க விடாமல் கடைக்காரர் அவசரப்படுத்தினால் அதுவே பதில்.

அதிக வாட் சார்ஜர் போட்டால் போன் வெடித்துவிடுமா? இல்லை. போன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் நல்ல சார்ஜர் தரும். லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரைத் தாராளமாகச் செருகலாம். ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மீ போன்றவற்றின் அதிவேகம் அவற்றுக்கே உரிய சார்ஜரிலும் கேபிளிலும்தான் முழுதாக வரும். வேறு சார்ஜரில் மெதுவாக ஏறும், பாதகமில்லை.

பவர் பேங்கில் 10,000 மில்லிஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் உங்கள் போனுக்கு அத்தனையும் வரும் என்று நம்பாதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போது ஆகும் இழப்பெல்லாம் போகக் கைக்கு வருவது 6,000 சொச்சம். 5,000 மில்லிஆம்பியர் மணி போனை ஒருமுறை நிரப்பி, மேலே கொஞ்சம் மிஞ்சும்.

பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்லும் நூறு ரூபாய், சார்ஜர் மூன்றே மாதத்தில் செத்துப்போகும்போது ஞாபகத்துக்கு வரும்.

6. மழைக்காலத்துக்குத் தனி விதி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலே சொன்ன கட்டுப்பாடெல்லாம் ஓரளவு தளரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்: நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வானிலை ஆய்வு மையம் சென்னைக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டால் வரம்பை நீக்கி 100 ஏற்றுங்கள், பவர் பேங்கையும் நிரப்புங்கள். நான்கு நாள் உச்சத்தில் வைத்ததால் பேட்டரி ஒன்றும் கெட்டுவிடாது.

நனைந்த போனை மட்டும் சார்ஜில் செருகாதீர்கள். சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி நீரை வடித்துவிட்டு, காற்றோட்டத்தில் விடுங்கள். ஈரம் இருப்பதாகப் போனே எச்சரித்தால், அந்தச் செய்தி மறையும்வரை பொறுங்கள். ஒருநாள் கூட ஆகலாம். அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம். அரிசித் தூசும் குருணையும் துளைக்குள் போகும் என்பதால் ஆப்பிளே அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. ஹேர் டிரையரும் கூடாது.

7. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, 30 சதவீதம் காட்டும்போதே அணைந்துபோகிறது, இரண்டில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். புதுப் போன் வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு. ஆண்ட்ராய்டு போன்களுக்கு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மாடலைப் பொறுத்து 1,500 முதல் 4,000 ரூபாய் வரை எதிர்பாருங்கள். ஐபோனுக்கு இதைவிட நன்றாகவே அதிகம். சொல்லும் தொகை ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் கூலியையும் சேர்த்ததா என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். எனக்குத் தொலைபேசியில் சொன்ன விலை வேறு, கவுண்டரில் சொன்ன விலை வேறு. நடுவில் நின்றது இந்த ஜி.எஸ்.டி.தான்.

எடுத்துப்போக வேண்டியவை: போன் வாங்கிய பில் (இணையத்தில் வாங்கியிருந்தால் ஜி.எஸ்.டி. பில்லை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் நின்றுகொண்டு தேட முடியாது), வாரண்டி அட்டை இருந்தால் அது, ஏதாவது ஓர் அடையாள அட்டை. *#06# என்று அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பில்லில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் வாரண்டி பேச்சு அங்கேயே நின்றுவிடும். போனுக்கு ஒரு வருட வாரண்டி இருந்தாலும், கூட வந்த சார்ஜருக்கும் கேபிளுக்கும் பெரும்பாலும் 6 மாதம்தான். பேட்டரி இயல்பாகத் தேய்வதை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள், உப்பினாலோ குறைபாடு இருந்தாலோதான் பேச முடியும்.

போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: என் மாடலின் பேட்டரி இன்று கையிருப்பில் இருக்கிறதா? இருந்தால் ஒருசில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் போனை வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இழுப்பார்கள். பாகம் வந்தபிறகு கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். முன்பதிவுத் தொகை கேட்டால் ரசீது வாங்குங்கள்.

ஒப்படைக்கும் முன் தரவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். திரைப் பூட்டின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', கூகுள் பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களும் வங்கிச் செயலிகளும் கண்ணுக்குத் தெரியாமல், பரிசோதனை மட்டும் செய்ய முடியும். போனின் நான்கு பக்கமும் அவர்கள் முன்னிலையிலேயே படமெடுத்து, இருக்கும் கீறல்களை, அவர்கள் தரும் வேலைச் சீட்டான ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வரும் சச்சரவில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பேட்டரி மாற்றப் போன இடத்தில் போர்டிலும் கோளாறு, எட்டாயிரம் ஆகும் என்று ஆரம்பித்தால், எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நியாயம் கிடைக்காத இடத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது; பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருந்தால்தான் அங்கே புகார் நிற்கும்.

வெளிக்கடையில் மாற்றலாமா? வாரண்டி முடிந்த, நிறுவனமே பாகம் தருவதை நிறுத்திவிட்ட பழைய போன் என்றால் மாற்றலாம். ஒரே பேட்டரிக்கு மூன்று விலை சொல்வார்கள். நடுவிலைக்கு மயங்காமல், மேலே சொன்ன பதிவு எண்ணைப் பேட்டரியின் உடலிலேயே காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே மாற்றும் கடையாகப் பாருங்கள். அண்மைக்கால ஐபோன்களில் வெளிப் பேட்டரி போட்டால், அசல் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி செட்டிங்ஸில் வந்துவிடும். விற்கும்போது விலை குறையும். நீர்புகா வசதியுள்ள எந்தப் போனையும் திறந்து மூடினால் புதுப் பசை வைத்து ஒட்டினார்களா என்று கேளுங்கள். வெளிக்கடையில் மாற்றிய போனை, எவ்வளவு உறுதி சொன்னாலும், மழையில் நம்பி நீட்டாதீர்கள்.

மாற்றிய முதல் வாரத்தில் வழக்கம்போலப் பயன்படுத்திப் பாருங்கள். சூடு அதிகமாக இருந்தாலோ சதவீதம் தாவித்தாவி இறங்கினாலோ உடனே திரும்பக் கொண்டுபோங்கள். மாற்றிய பாகத்துக்கு வழக்கமாக 3 மாதம் வரை உத்தரவாதம் தருவார்கள். அதைப் பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

8. உப்பிய பேட்டரியும் பழைய பேட்டரியும்

போனின் முதுகு மூடி லேசாக எழும்பி நிற்கிறது, திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. அந்த நிமிடமே சார்ஜ் போடுவதையும் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது, அந்தத் தீ தண்ணீர் ஊற்றிச் சுலபமாக அணைக்கக்கூடியதும் அல்ல. போனை அணைத்து, துணி, காகிதம் அருகில் இல்லாத ஓர் ஓட்டுத்தரையிலோ சிமெண்டுத் தரையிலோ நிழலில் வைத்து, அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவராமல் மாற்றிய இடத்திலேயே விட்டுவிடுவது உத்தமம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. இழுப்பறையில் ஏற்கெனவே ஒன்றிரண்டு பழைய பேட்டரிகள் கிடந்தால், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அடுத்த முறை சர்வீஸ் சென்டர் பக்கம் போகும்போது எடுத்துப்போங்கள். மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பையை நசுக்கி ஏற்றும் லாரிக்குள் அது தீப்பிடித்தால், முதலில் காயப்படுவது வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்.